காணிச் செல்வமும் கல்விக் கொடையும்

பொருள் ஈட்டும் வழிகள் பல. உழவாலும் வாணிகத்தாலும் கைத்தொழிலாலும் முயற்சியுடையோர் செல்வராதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். காணியை வாங்கி வைத்துக் காத்திருத்தலால் வருஞ் செல்வமோ தனி இயல்புடையது. அதனைச் சேர்ப்பவர் ஒருவர். அதன் விலையை உயர்த்துவோர் பலர். அத்தகைய செல்வத்துக்கு உரிய கடமை யாது என்பதை, அமெரிக்காவிற் குடியேறிப் பெருஞ்செல்வராய் விளங்கிய ஜோன் ஜேக்கப் அஸ்ரரின் வரலாறுகொண்டு ஆராய்வோம்.

அஸ்ரர் 1763ஆம் ஆண்டில், ஜேர்மனியிலே ஹைடல்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள வால்டோர்ப் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் இறைச்சி வாணிகர். மைந்தர் இளமையிலேயே ஊரை நீங்கி, இலண்டனில் இசைக்கருவி செய்துவந்த தமையனாரிடஞ் சென்று தொழில் பயின்றார். 1783இற் கப்பலேறி, அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கரையை அடைந்தபோது, விற்பனைக்குரிய சில புல்லாங்குழல்களும் சிறிதளவு பணமுமே அவருடைய கைம்முதல். நியூயோர்க்கில் உரோமத்தோல் வாணிகத்தைக் கற்று, 1808இல் அமெரிக்க உரோமக் கம்பனியை நிறுவினார். தோல்களைச் சீனத்துக்கு அனுப்பித் தேயிலையும் பட்டும் வருவித்தார். அவ்வாணிகம் மாசற்றதன்று. அக்கம்பனியார் பழங்குடி மக்களுக்கு மதுவை விற்றுத் தோல் பெற்றனர். அஸ்ரர் சில காலம் அபினியும் ஏற்றுமதி செய்தார். பெருமையைக் கூறுவோர் இவற்றை மறைத்தல் முறையாகாது.

வாணிகத்திற் கிடைத்த ஊதியத்தை அவர் மன்ஹற்றன் தீவிலே காணியாக மாற்றினார். நகரம் அப்போது தீவின் தென்முனையில் ஒடுங்கிக் கிடந்தது. அதற்கு வடக்கே இருந்த தோட்டங்களையும் வயல்களையும் அவர் வாங்கினார். வாங்கிய காணியைப் பெரும்பாலும் விற்றிலர். 21 ஆண்டுபோன்ற நீண்ட தவணைக்குக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்காரர் தம் பணத்தாற் கட்டடங் கட்டி நிலவாடகையுஞ் செலுத்தினர். தவணை முடிந்ததும் காணி முன்னிலும் பன்மடங்கு மதிப்புடையதாய் அவர் கைக்கு மீண்டது.

அம்மதிப்பு எவ்வாறு உயர்ந்தது? 1790இல் நியூயோர்க்கின் குடித்தொகை 33 ஆயிரம் அளவினது. 1850இல் அது 5 இலட்சத்தைக் கடந்தது. 1811இல் அரசினர் அமைத்த ஆணைக்குழு தீவின் பெரும்பகுதிக்கு வீதித்திட்டம் வகுத்தது. 1825இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டு, உள்நாட்டு விளைபொருளெல்லாம் அத்துறைமுகத்தை நோக்கி வந்தன. வீதி வகுத்தவரும் கால்வாய் வெட்டியவரும் கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஏழைக் குடியேற்றவாசிகளுமே அக்காணிக்கு விலை தந்தனர். அஸ்ரரிடம் இருந்தவை முன்னறிவும் பொறுமையும். அவையும் சிறந்த குணங்களே. எனினும், தனித்து நின்று அவை அத்துணைச் செல்வத்தை விளைத்திரா.

1848இல் அஸ்ரர் இறந்தபோது அவருடைய ஆதனம் ஏறக்குறைய 2 கோடி டொலர் என மதிக்கப்பட்டது. மரணசாசனத்தின்படி பெரும்பகுதி மகனைச் சேர்ந்தது. பொது நூல்நிலையம் ஒன்றுக்கு 4 இலட்சம் டொலரும், பிறந்த ஊராகிய வால்டோர்ப்பின் ஏழைகளுக்கென 50 ஆயிரம் டொலரும் ஒதுக்கப்பட்டன. நூல்நிலையத்துக்கு ஈந்தது நூற்றுக்கு இரண்டு பங்கே. கல்வியாளர் ஹொரஸ் மான் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனம் நியாயமானதென்பதே எம் கருத்து.

ஆயினும் அச்சிறு பங்கின் பிற்கால வரலாறு வியப்புக்குரியது. கொக்ஸ்வெல் என்னும் அறிஞர் ஐரோப்பாவெங்குஞ் சென்று நூல்களைத் தேடி வாங்கினார். 1854இல் நூல்நிலையம் திறக்கப்பட்டது. நூல்களை இரவல் வாங்க இயலாது. பகலில் மட்டுமே அது திறந்திருந்தமையால் உழைப்பாளர் பயன்பெறுதல் அரிதாயிற்று. இக்குறை காலத்தால் நீங்கியது. 1895இல் வேறு இரு அறநிதிகளோடு இணைந்து அது நியூயோர்க் பொது நூல்நிலையமாக வளர்ந்தது. 1911இல் ஐந்தாம் அவெனியூவில் எழுந்த அதன் மாளிகைக்குள் எவருங் கட்டணமின்றிப் புகுந்து கற்கலாம். பழைய கட்டடத்தை 1920இல் யூதக் குடியேற்றவாசிகளுக்கு உதவுஞ் சங்கமொன்று வாங்கியது. குடியேறி வந்த ஒருவரின் கொடையால் எழுந்த மனையிலே, பின்னர்க் குடியேறி வந்தோர் பல்லாண்டு உணவும் உறையுளும் பெற்றனர். 1967 முதல் அது நாடக அரங்காக விளங்குகின்றது.

வள்ளுவர் ஒப்புரவை ஓர் அதிகாரத்திலும் ஈகையை வேறோர் அதிகாரத்திலும் வைத்தார். இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. தாம் வாழும் உலகத்துக்குத் தாம் செய்ய வேண்டியதை அறிந்து செய்வது ஒப்புரவு. பலராற் பெருகிய காணிச் செல்வத்திலிருந்து பொதுப்பணிக்குக் கொடுப்பதை ஈகை என்று புகழ்தலினும் ஒப்புரவு என்று உணர்தலே பொருத்தமாம். அஸ்ரரின் தோட்டங்கள் இன்று பிறர் கையில் இருக்கின்றன. அவர் பெயரை நன்றியோடு நினைக்கச் செய்வது அந்த நூற்றிலிரண்டு பங்கே. பிறவூர் சென்று காணியும் மனையுஞ் சேர்க்கும் நம் பழைய மாணவர், தம் பங்கு எவ்வளவென்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்வாராக. அக்கணக்கை மரணசாசனம் எழுதும் நாள்வரை ஒத்திவையாதிருத்தல் நன்று.