இரண்டாகிப் போன ஏரி

சோழவரம் ஏரிக்கரையில் நின்று பார்த்த மாணவர்களுக்கு நான் இன்று சொல்லப்போகும் செய்தி எளிதில் விளங்கும். தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பெறும் கொசஸ்தலை ஆற்று நீர் கால்வாய் வழியே இவ்வேரியை அடைகிறது. பிறகு புழல் ஏரிக்குச் சென்று சென்னைக்குக் குடிநீராகிறது. நிரம்பினால் 1,081 மில்லியன் கன அடி. நீர் வரும் வாய் வேறு, போகும் மதகு வேறு, ஏரியோ ஒன்றுதான். கணினிக்கு இது தானாகத் தெரியாது.

ஒருமுறை இவ்வேரியின் நீர்க்கணக்கை ஜாவா மொழியில் எழுதி, மாணவர்களுக்குக் காட்ட முற்பட்டேன். ‘ஏரி’ என்று ஒரு கிளாஸ் அமைத்தேன். கிளாஸ் என்பது அச்சு. அதில் வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட். தொடக்க இருப்பு 500. வரத்தைக் கவனிக்கும் பகுதி ஓர் ஏரியை வார்த்துக்கொண்டு 40 கூட்டிற்று. மதகைக் கவனிக்கும் பகுதி தனக்கென்று மற்றோர் ஏரியை வார்த்துக்கொண்டு 30 கழித்தது. ஒன்று 540 என்றது. மற்றொன்று 470 என்றது. இருக்கவேண்டியது 510 அன்றோ? பிழை என்று கணினி முணுமுணுக்கவும் இல்லை. கூட்டலும் சரி, கழித்தலும் சரி, ஏரிதான் இரண்டாகிவிட்டது. “இதில் எந்த ஏரித் தண்ணீரை நாங்கள் குடிப்பது, ஐயா?” என்றாள் முன்வரிசை மாணவி ஒருத்தி.

இதற்கு மருந்தாக உள்ள முறைக்குச் ‘சிங்கிள்டன்’ என்று பெயர். காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடிஸ் ஆகிய நால்வர் 1994-இல் வெளியிட்ட நூலால் இப்பெயர் பரவிற்று. ஆப்ஜெக்டை வார்க்கும் கன்ஸ்ட்ரக்டரைப் ‘பிரைவேட்’ ஆக்கிவிட்டால் வெளியார் எவரும் புதிதாக வார்க்க இயலாது. கிளாஸே ஒன்றை வார்த்து ‘ஸ்டாட்டிக்’ இடத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவர்க்கெல்லாம் அதையே எடுத்து நீட்டும்.

கேட்கும்போது வார்த்துக்கொள்ளலாம் என்று சோம்பியிருந்தால் ஆபத்து உண்டு. நிரலின் இரண்டு இழைகள் ஒரே நொடியில் வந்து, ‘இன்னும் ஏரி இல்லை’ என்று கண்டு, ஆளுக்கொன்று வார்த்துவிடக்கூடும். கிளாஸ் துவங்கும்போதே வார்த்துவிடுவது நலம். அந்தத் துவக்கம் ஒரே முறை நிகழ்வதை ஜாவாவே காத்துக்கொள்கிறது. ஏரி ஒன்றானபின்னும் கவலை முற்றும் தீராது. இருவரும் ஒருசேர 500 என்று படித்து, ஒருவர் 540 என்றும் மற்றவர் 470 என்றும் எழுதினால், பிந்தி எழுதியதே நிற்கும். ஆகவே, கூட்டவும் கழிக்கவும் ஒருவர் பின் ஒருவராகவே நுழையுமாறு ‘சிங்க்ரனைஸ்டு’ என்னும் பூட்டும் வேண்டும்.

இவ்வளவும் செய்து நான் நிமிர்ந்தபோது அதே மாணவி, “புழலையும் சேர்க்கலாமா?” என்றாள். சேர்க்க முடியவில்லை! உலகில் ஏரி ஒன்றுதான் என்று நானே விதித்துவிட்டேனே. ஒன்றாக இருக்கவேண்டியது ஏரியன்று, எல்லா ஏரிகளின் கணக்கையும் தாங்கும் பதிவேடு என்பது அப்போதுதான் புலப்பட்டது. ஏரிக்கு இட்ட ‘பிரைவேட்’டை நீக்கிப் பதிவேட்டுக்கு இட்டேன். சோழவரத்தை ஒருமுறையும் புழலை ஒருமுறையும் அப்பதிவேடே வார்த்து வைத்துக்கொண்டது.