மணநாள் காலணியும் மிஞ்சிய கரைத்துண்டும்

திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் இடையே அருள்புரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் விவாகம் நிச்சயமான இல்லங்களில், பட்டுப் புடவைக்கும் ரவிக்கைக்கும் ஆகும் செலவைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கணக்கில் இப்பொழுது மற்றோர் உருப்படியும் சேர்ந்திருக்கிறது. மணமக்களின் காலணியே அது. முத்தும் கல்லும் பதித்த ஜோடி ஒன்றைக் கடையில் விலை கேட்டவர்கள் வாய் பேசாமல் திரும்புவதுண்டு. அதே வீட்டின் பரண்மேல், நெய்து மிஞ்சிய கரைத்துண்டுகளும் பனியன் வெட்டுத் துணிகளும் மூட்டையாகக் கிடக்கும். இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்க இயலுமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

முகூர்த்தப் பந்தலுக்குள் நம்மவர் செருப்புடன் நுழைவதில்லை. சில சமூகத்தாரின் காசி யாத்திரைச் சடங்கில் மட்டும் மணமகன் குடையும் தடியும் ஏந்திப் பாதரட்சை அணிந்து புறப்படுகிறான். மற்றபடி அலங்காரக் காலணிக்கு இடம் வரவேற்பு மேடையிலும், கிறிஸ்தவ அன்பர்களின் தேவாலயத் திருமணத்திலுமே. அதுவும் சில மணி நேரந்தான். ஆகையால் அது தோலால்தான் ஆகவேண்டும் என்னும் கட்டாயமில்லை. 1840இல் விக்டோரியா மகாராணி தமது விவாகத்தன்று அணிந்தது, நாடா வைத்துக் கட்டிய, குதி உயராத வெள்ளை ஸாட்டின் துணிக் காலணி. துணி நெய்வோராகிய நமக்கு இச்செய்தி இனிக்கத்தான் செய்யும்.

ஆயினும் ஓர் ஆட்சேபம் எழும். “தறியில் நெய்த கரையைக் காலில் போடுவதா?” என்று முதியவர்கள் கேட்பார்கள். அவர்கள் சொல்லில் ஒரு பாதி நியாயம் உண்டு. கோபுரக் கரையையும் தெய்வ உருவம் உள்ள புட்டாவையும் காலணியில் வைப்பது நமக்கும் உவப்பன்று. கோடும் கட்டமும் கொடியும் இருக்க, அவற்றைத் தேடுவானேன்? மறு பாதியை நாம் ஏற்பதற்கில்லை. காலுக்கு உரிய தொழில் தாழ்ந்தது என்ற எண்ணமே அதன் அடியில் இருக்கிறது. 1910இல் ஜோஹானஸ்பர்க் நகரின் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டது. அங்கே காந்தியடிகள் செருப்புத் தைக்கக் கற்றார். அவருடைய நண்பர் காலன்பாக் டிராப்பிஸ்ட் துறவியரின் மடத்திற்குச் சென்று இத்தொழிலைக் கற்றுவந்து பண்ணையில் கற்பித்தார். அப்பண்ணையில் தமிழர்களும் பலர் இருந்தனர். 1914இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபொழுது, தம் கையால் செய்த ஒரு ஜோடியைக் காந்தியடிகள், தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கு அனுப்பினார். ஸ்மட்ஸ் அதைக் கோடைதோறும் அணிந்திருந்து, 1939இல் காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளையொட்டித் திருப்பி அளித்தார்.

இன்னொன்றும் உண்டு. இன்று மணப்பெண்ணின் ரவிக்கைகளில் பெருமையாகப் போடப்படும் ஆரி வேலை எங்கிருந்து வந்தது? கட்ச் நாட்டில் தோல்தொழில் செய்த மோச்சிகள் கையாண்ட கொக்கி ஊசியே ஆரி. தோலின்மேல் நூலோட்டம் போட்ட அந்தக் கை, பின்னர்ப் பட்டுத் துணிக்கும் சென்றது. ஆகவே ரவிக்கைக்குப் போட்ட ஆரியைக் காலணிக்கும் போடுவது, பிறந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வருவது போலத்தான்.

இனி வேலைக்கு வருவோம். அலங்காரம் இல்லாத, அளவு சரியான, சாதாரண ஜோடி ஒன்றை முதலில் வாங்குக. வாங்கியவுடன் ஒட்டத் தொடங்குதல் தவறு. ஐந்தாறு நாள் வீட்டுக்குள் போட்டு நடக்க வேண்டும். காலுக்கேற்பத் தோல் சற்று விரிந்து கொடுக்கும். விரியுமுன் ஒட்டிய கரை பின்னர் இழுபட்டுப் பெயர்ந்துவிடும். குதியின் உயரத்தையும் அப்பொழுதே முடிவு செய்துகொண்டால், பாவாடையின் நீளத்தையும் புடவைக் கட்டின் உயரத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

வரவேற்பு எப்பொழுது என்பதையும் பெண்வீட்டார் யோசிக்க வேண்டும். முகூர்த்தத்திற்கு முந்திய மாலையாயின் எந்தக் காலணியும் தகும். முகூர்த்தத்திற்குப் பிந்திய மாலையாயின் காலில் புது மெட்டி ஏறியிருக்கும்; மூடிய காலணி அதை விரலோடு சேர்த்து நசுக்கும். விரல் தெரியும் செருப்பே அப்பொழுது நலம். மெட்டியும் மருதாணியும் கண்ணுக்குத் தெரிவது மேலும் ஒரு லாபம்.

கரைத்துண்டை வளைவில் வைத்து ஒட்டினால் சுருக்கம் விழுவது பெரும் தொல்லை. நெய்த துணியை நேராக வெட்டாமல் மூலைவாட்டில் வெட்டினால் அது வளைவோடு இசைந்து வரும். ஆனால் ஜரிகைக் கரையை அப்படி வெட்டினால் கோலம் சிதையும். ஆகையால் கரையை நேரான வார்ப்பட்டைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முன்பகுதியின் வளைவை வேறு துணியால் மூடுவதே தக்கது. இதற்கு நம் ஊர்ப் பனியன் துணியைப் போல் இணங்குவது வேறில்லை. பின்னல் துணியாதலால் இழுத்த பக்கமெல்லாம் வரும். நெய்த துண்டின் ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்த பின்னரே ஒட்ட வேண்டும். இல்லையேல் மேடையிலேயே இழை பிரியும்.

ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்போர் உபயோகிக்கும் ரப்பர் பசையே ஏற்றது. இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, சற்று உலரவிட்டு, பின்னர் அழுத்த வேண்டும். ஈரத்தோடு அழுத்தினால் பசை துணியின் வெளிப்புறம் வரை ஊறிக் கறையாகும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்க. அடுப்பும் விளக்கும் அருகில் வேண்டா, அந்தப் பசை எளிதில் தீப்பற்றும்.

முத்தும் மணியும் பாதத்தின் மேற்புறத்தோடு நிற்கட்டும். உட்பக்கத்தில் வைத்தால் ஒரு கால் மற்றொன்றில் உரசி அவை உதிரும். புடவை இழையையும் பற்றி இழுக்கும். ஆரி வேலையைத் துணியில் சட்டமிட்டு முதலிலேயே முடித்துக்கொண்டு, பிறகு காலணியில் ஏற்ற வேண்டும். தோலையே துளைத்துத் தைக்க நேருமாயின் அதை நாமே முயலலாகாது. துணியில் ஊசி தவறினால் இழை மறுபடி கூடிக்கொள்ளும். தோலில் விழுந்த துளை மூடுவதில்லை. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நம் நெய்கூலியை எவரேனும் குறைத்துக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

துணியின் நிறம் பொருந்தவில்லையென்று வீட்டில் சாயம் தோய்க்கச் சிலர் எண்ணலாம். வேண்டா. நொய்யலில் கலந்த சாயக் கழிவின் காரணமாக 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், அதனால் இப்பகுதி பட்ட பாட்டையும் நாம் அறிவோம். ஒரு வாளிச் சாயமாயினும் சாக்கடைக்குத்தானே போகும்? துண்டுமூட்டையை இன்னும் கொஞ்சம் கிளறினால் வேண்டிய நிறம் அகப்பட்டுவிடும்.

அசல் ஜரிகை பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. செப்புக் கம்பியாலான போலி ஜரிகை வியர்வையிலும் ஈரத்திலும் விரைவில் கறுக்கும். எதுவாயினும் விவாகம் முடிந்ததும் நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பை உதவாது.

ஆவணியில் மணம் வைத்திருப்போர் ஆடியிலேயே இவ்வேலையைத் தொடங்கிவிடலாம். அம்மாதத்தில் விவாகங்கள் இல்லாமையால் ஆரி போடும் பெண்களுக்கும் கை சற்று ஓய்ந்திருக்கும்.