கல்லுக்கு அடியில் ஒரு வேட்டைக்காரப் புழு

நம்ம லயத்துக்குப் பக்கத்து ஓடையில் வேகமாகத் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். பொடிக் கற்களை ஒட்டிச் செய்த சின்னக் கூடு இருக்கும். சில கல்லில் சிலந்தி வலை போல ஒன்று ஒட்டிக் கிடக்கும். சில கல்லில் கூடும் இல்லாமல் வலையும் இல்லாமல் ஒரு புழு ஊர்ந்து போகும். இவை எல்லாமே கேடிஸ் பூச்சி எனப்படும் ஒரே இனக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

வளர்ந்த கேடிஸ் பூச்சியை நீங்கள் பார்த்திருப்பீங்க. ராத்திரியில் விளக்கைச் சுற்றி வரும். அந்துப்பூச்சி போலத்தான் தெரியும். ஆனால் இறக்கையில் செதிலுக்குப் பதிலாக மயிர் படர்ந்திருக்கும். உட்காரும்போது இறக்கையைக் கூரை மாதிரி மடித்து வைக்கும். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி தண்ணீருக்குள் புழுவாகவே கழிகிறது. பட்டுப்பூச்சிக்கு இது தூரத்துச் சொந்தம். அதனால் இந்தப் புழுவும் வாயிலிருந்து பட்டு நூல் விடும்.

வேட்டையாடும் விதம்

ரயாகோபிலா என்ற வகை கூடும் கட்டாது, வலையும் பின்னாது. வால் பக்கத்துக் கொக்கிகளால் கல்லைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் அடித்துப் போகாமல் பட்டு நூலையும் ஒட்டிக்கொண்டே அலைந்து இரை தேடும். நம்மைக் கடிக்கிற கறுப்புச் சிற்றீக்களின் புழுக்கள் ஓடும் தண்ணீரில்தான் வளருகின்றன. இந்த வேட்டைக்காரனுக்கு அவையும் இரை.

ஹைட்ரோசைக்கி என்ற வகை கல்லிடுக்கில் வலை கட்டி, பக்கத்திலேயே மறைந்திருக்கும். வலையில் வந்து விழும் பாசி, இலைத்தூள், சின்னப் பூச்சி எல்லாவற்றையும் தின்னும். வேறொரு புழு தன் வலைக்குப் பங்குக்கு வந்தால், முன்னங்காலைத் தலைக்கடியில் உரசிச் சத்தம் போட்டு விரட்டும்!

முழுதாக வளர்ந்ததும் கல்லில் ஒட்டிய கூட்டுக்குள் அடைந்து கூட்டுப்புழுவாகும். பிறகு கூட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, மேலே நீந்தி, இறக்கை முளைத்துப் பறந்துவிடும். அதைத் தின்ன மீன், குருவி, வௌவால், சிலந்தி எல்லாம் காத்திருக்கும்.

நம் நாட்டிலும் இவை பல வகை உண்டு. ஃபெர்னாண்ட் ஷ்மிட் என்ற ஆய்வாளர் இலங்கையின் கேடிஸ் பூச்சிகளைப் பற்றி 1958 ஆம் ஆண்டிலேயே பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்.

இதனால் நமக்கு என்ன?

இந்தப் புழுக்களில் பல, சுத்தமான, காற்றுக் கலந்த தண்ணீரில்தான் பிழைக்கும். மலையிலிருந்து கரைந்து வரும் மண் கல்லிடுக்குகளை அடைத்தால் இவற்றுக்கு வீடு இல்லை. பூச்சி மருந்து கலந்தால் இவை செத்துப்போகும், இவையும் பூச்சிதானே.

ஆகவே இவற்றை வைத்து ஓடையைச் சோதிக்கலாம். மருந்து பம்பு கழுவும் இடத்துக்கு மேலே சில கற்களையும் கீழே சில கற்களையும் புரட்டிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் தண்ணீர் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். மேலே நிறைய இருந்து கீழே ஒன்றுமே இல்லையென்றால், நடுவில் ஏதோ கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பெருமழைக்குப் பிறகு பார்க்காதீங்க; வெள்ளமும் புழுவை அடித்துக்கொண்டு போகும். பார்த்த பிறகு கல்லைப் பழையபடி வைத்துவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். புழு இருப்பதால் அந்தத் தண்ணீர் குடிக்க நல்லது என்று அர்த்தமில்லை. வயிற்றோட்டம் தரும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. பீலித் தண்ணீரானாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மருந்து அடிச்சிட்டு பம்பையும் வாளியையும் ஓடையில் கழுவாதீங்க. காலி மருந்துப் போத்தலை ஓடையில் வீசாதீங்க. கற்கள் வெறுமையாகக் கிடந்தால் நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மேல் லயத்தில் கலப்பது கீழ் லயத்துப் பிள்ளையின் குடத்துக்குத்தான் வந்து சேரும்.