செர்னோபில் காட்டுத்தீயும் கதிர்த்தொழிற்பாட்டு மாசும்

1986 ஏப்ரல் 26ஆம் நாள், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் உக்ரேன் குடியரசில் அமைந்திருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்துச் சிதறியது. அவ்வாண்டில் மட்டும் சுற்றுப்புறங்களிலிருந்து ஏறத்தாழ 116,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற வயல்களிற் பெரும்பகுதியை இன்று காடு மூடியுள்ளது. அக்காடு தீப்பற்றும்போது நிகழ்வது யாது, அதனால் ஊறுபடுவோர் யாவர் என்பன இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

விபத்தின்போது வெளியான அயடீன்-131 எட்டு நாள் அரைவாழ்வுக் காலம் உடையதாதலின், சில மாதங்களில் அற்றுப்போயிற்று. சீசியம்-137, ஸ்ரொன்சியம்-90 ஆகியவற்றுக்கு அக்காலம் ஏறத்தாழ 30 ஆண்டுகள். புளூற்றோனியம்-239இற்கு ஏறத்தாழ 24,000 ஆண்டுகள். இரசாயன இயல்பிற் சீசியம் பொற்றாசியத்தையும் ஸ்ரொன்சியம் கல்சியத்தையும் ஒத்தவை. ஆகவே, மரங்கள் இவற்றையும் ஊட்டப்பொருள்களோடு வேர்வழி உறிஞ்சுகின்றன. இலைகள் உதிர்ந்து உக்கும்போது இவை மீண்டும் மண்ணை அடைகின்றன. இச்சுழற்சி குலையாதவரை காடு இந்நஞ்சின் களஞ்சியமாக விளங்குகின்றது எனலாம்.

தீ இச்சுழற்சியைக் குலைக்கின்றது. சீசியத்தின் ஒரு பகுதி வெப்பத்தால் ஆவியாகி, நுண்ணிய புகைத்துணிக்கைகளிற் படிந்து நெடுந்தூரம் செல்லும். ஸ்ரொன்சியமும் புளூற்றோனியமும் பெரும்பாலும் சாம்பலிலே தங்கி, பின்னர் காற்றாலும் மழைநீராலும் அயலிடங்களுக்குப் பரவும். தீயினாற் புதிய கதிர்த்தொழிற்பாடு உண்டாவதில்லை, பழையது இடம்பெயர்கின்றது.

2020 ஏப்ரலில் மூண்ட தீ, இப்பிரதேசம் கண்டவற்றுள் மிகப் பெரியது. அதன் புகை தலைநகர் கீவை எட்டியபோது அங்கு வளியிற் சீசியத்தின் அளவு சிறிதே உயர்ந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லையை மீறவில்லை. நகரமக்களைப் பொறுத்தவரை, கதிர்வீச்சினைவிடப் புகைத்துணிக்கைகள் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் விளைக்கும் கேடே பெரிது.

தீயணைக்கும் தொழிலாளரின் நிலை வேறு. மாசுற்ற மண்ணின் கதிர்வீச்சுக்கு ஆளாவதுடன், அவர்கள் சாம்பலையும் மூச்சுடன் உள்ளிழுக்கின்றனர். புளூற்றோனியம் வெளிவிடும் அல்பாக் கதிர்களைத் தோலே தடுத்துவிடும். ஆயின், நுரையீரலுட் புகுந்த புளூற்றோனியத் துணிக்கை அயலிலுள்ள இழையங்களைப் பல்லாண்டு தாக்கிப் புற்றுநோய்க்கான வாய்ப்பினை மிகுவிக்கும். உடலிற் சேரும் ஸ்ரொன்சியம் எலும்பிலே தங்கும்.

எனவே, நகரத்து அளவீடுகளை மட்டும் கொண்டு “ஆபத்தில்லை” என அமைதியடைதல் பொருந்தாது. கண்டம் முழுவதும் நஞ்சாயிற்று எனக் கலங்குதலும் பொருந்தாது. சராசரி அளவீடு, தீயின் முன்னே நிற்பவனது நிலையை மறைத்துவிடுகின்றது. சுவாசக் கவசமும், கதிரளவுமானியும், நீண்டகால மருத்துவப் பரிசோதனையும் அவனுக்குரிய உரிமைகளாகக் கொள்ளப்படல் வேண்டும்.

வறட்சி மிகுவதாலும், பட்ட மரங்கள் அகற்றப்படாது குவிவதாலும் தீயின் வாய்ப்பு பெருகுகின்றது. 2022இல் உருசியப் படைகள் இப்பிரதேசத்தைக் கைப்பற்றிப் பின்வாங்கியபின், மிதிவெடிகள் தீயணைப்புப் பணிக்குப் பெருந்தடையாயின. உலை விபத்தின் சுமை, அது நிகழ்ந்தபோது பிறந்தேயிராத தொழிலாளரின் தோள்களில் இன்று ஏற்றப்பட்டுள்ளது.