பலூன் மேலே, மனசு அதற்கும் மேலே!

கையுறை மாட்டிக்கொண்டீர்களா? அப்படியானால் நீங்களும் ஒரு பக்கம் பிடிக்கலாம். மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், நகத்தை மடக்கிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஒரு வயல்வெளி. பொழுதுபோக்காக வானத்தின் உச்சிக்குப் பலூன் விடும் நாலு பேர். காற்று இன்னும் சோம்பல் முறிக்காத காலை. தார்ப்பாயின் மேல் 1,500 கிராம் லேடெக்ஸ் சுருண்டு கிடக்கிறது. ஹீலியம் சிலிண்டரைத் திறந்ததும் உஸ்ஸென்று மூச்சு வாங்கி எழுந்து, ஆளைவிட உயரமாகி, நாலு பேரையும் இழுத்துக்கொண்டு ஆடத் தொடங்குகிறது!

வாயு நிரப்புவதில்தான் பாதி சூட்சுமம். கூடிப்போனால் விறுவிறுவென்று ஏறிச் சீக்கிரமே வெடித்துவிடும். குறைந்துபோனால் இன்னும் மோசம். வெடிக்காமல் மிதந்தபடி வட கடலைப் பார்த்துப் போய்விடும். அதனால் கழுத்தில் தராசை மாட்டி, எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து அளந்து நிரப்புகிறார்கள். வினாடிக்கு 5 மீட்டர் ஏற வேண்டும் என்பது கணக்கு. விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி முன்பே வாங்கியாயிற்று. காற்று முன்னறிவிப்பைக் கணினியில் ஓட்டி, எந்த ஊர்ப் பக்கம் விழும் என்றும் பார்த்தாயிற்று.

கீழே ஒரு பாராசூட், அதற்கும் கீழே தெர்மோகோல் பெட்டி. மைனஸ் 50 டிகிரிக்கும் கீழான குளிரைத் தாங்க லித்தியம் பேட்டரி, ஒரு ஜி.பி.எஸ்., ஒரு குட்டி ரேடியோ. அந்த ஜி.பி.எஸ். இருக்கிறதே, அது ஒரு குறும்புக்காரன். ஏவுகணைக்குப் பயன்பட்டுவிடக் கூடாது என்று போட்ட கட்டுப்பாட்டால், சில வகை 18 கிலோமீட்டர் தாண்டியதும் வாயை மூடிக்கொள்ளும். யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் ஜி.பி.எஸ். சிப்பில் வேறு வம்பு: ‘பறக்கும் நிலை’க்கு மாற்றாமல் அனுப்பினால் 12 கிலோமீட்டரிலேயே தலைசுற்றிவிடும். ஒரு வரி கட்டளை விட்டுப்போனால் நாள் முழுக்கப் புலம்பல்தான்.

“விடட்டுமா?” “விடு!” சர்ரென்று போயே போய்விட்டது. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கலாம். அதற்கப்புறம்தான் உண்மையான கூத்து ஆரம்பம்.

பெட்டிக்குள் இருக்கும் ரேடியோவின் சக்தி வெறும் 10 மில்லிவாட். பழைய ஜி.எஸ்.எம். கைபேசி உச்சத்தில் 2 வாட் வரை வீசும். இது அதில் இருநூறில் ஒரு பங்கு. பிரிட்டனில் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமத்தை வைத்துக்கொண்டு வானிலிருந்து ஒலிபரப்பப் பல ஆண்டுகளாக இடமில்லாததால், உரிமம் தேவைப்படாத 434 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தக் கொசுச் சக்தியோடு பிழைத்தார்கள். ஆனால் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் 600 கிலோமீட்டருக்கு அப்பால்! நடுவில் மலையில்லை, கட்டடமில்லை. ஆகவே எங்கோ மாடியில் ஆண்டெனா கட்டியவர் வீட்டிலெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது. இரண்டு சுருதியில் மாறி மாறி விடாமல் கத்தும் சில்வண்டுதான், வேறென்ன. அதைக் கணினி எழுத்தாக்குகிறது: இரண்டு டாலர் குறி, பெயர், நேரம், இடம், உயரம், கடைசியில் பிழை சரிபார்க்கும் எண். இப்போது லோரா என்ற ரேடியோ முறை வந்து வேலையைச் சுலபமாக்கிவிட்டது. ஆனாலும் காதால் கேட்கிற சுகம் பழைய முறையில்தான் என்பேன்.

கேட்டவர் ஒவ்வொருவரும் தன் பங்கை இணையத்துக்கு அனுப்ப, வரைபடத்தில் பலூன் நகர்கிறது. முன்பின் பார்த்திராத ஆட்கள், ஒரே பலூன்! இப்படித்தான் 2012 ஜூலையில் பலூன் ஆர்வலர் டேவ் ஏக்கர்மன் அப்போதுதான் வெளிவந்திருந்த ராஸ்பெர்ரி பை கணினியை வெப்கேமோடு கட்டி, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினார். கறுத்த வானும் வளைந்த பூமியுமாகப் படங்கள் பறக்கும்போதே இறங்கின. துண்டு துண்டாக வரும் படம் அது. ஒருவர் தவறவிட்ட துண்டை இன்னொருவர் பிடித்திருப்பார்.

நம் பலூனுக்கு வருவோம். மேலே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்காகச் சுருங்க, 2 மீட்டர் பலூன் 9 மீட்டராகப் பூரித்து, டப்! உயரக் கணக்கு திடீரென்று கீழ்நோக்கி ஓடும். அந்த மெல்லிய காற்றில் பாராசூட்டுக்குப் பிடிமானமே இல்லை. முதலில் கல்லாய் விழும், பிறகுதான் நிதானம். கீழே காரில் ஒருவர் ஓட்ட, ஒருவர் யாகி ஆண்டெனாவை ஜன்னல் வழியே நீட்ட, மூன்றாமவர் “இடது! இல்லை இல்லை, வலது!” என்று அலற, துரத்தல். வயலில் விழுந்தால் அதிர்ஷ்டம். மரத்தில் மாட்டினால் நீளக் கழி.

வெடிக்காமல் மிதப்பதற்கென்றே பிறந்த ‘பிகோ’ பலூன்களும் உண்டு. சில கிராம் சுமை, சூரிய மின்தகடு, 12 கிலோமீட்டர் உயரம், உலகம் சுற்றல்! அமெரிக்காவின் வடக்கு இல்லினாய்ஸ் பாட்டில்கேப் பலூன் பிரிகேட் என்ற ஆர்வலர் சங்கம் விட்ட அப்படியொரு பலூன் 2023 பிப்ரவரி 10 அன்று அலாஸ்கா கரையோரம் கடைசியாகப் பேசியது. மறுநாள் கனடாவின் யூக்கான் வானில் ஏதோ ஒன்றை எஃப்-22 போர் விமானம் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தியது. இதுதான் அதுவா என்று உறுதியாகவில்லை. அந்த வகை பலூன் 12 டாலரிலிருந்து கிடைக்கும். ஏவுகணை ஒன்று 4 லட்சம் டாலருக்கு மேல். சங்கத்தினர் தங்கள் கணக்கில் ‘காணவில்லை’ என்று மட்டும் பதிந்துவைத்தார்கள்.