ஒன்றரை மாதத்தில் ஒரு காகிதம்

நெடுஞ்சாலையோரத் தாய்மார்கள் – 9

போன வாரம் மாத்திரையோடு நிறுத்தினேன். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிக்கு ஏ.ஆர்.டி. மாத்திரை, பிறந்த குழந்தைக்கு நெவிரபின் சிரப். இரண்டும் தவறாமல் நடந்தால், எதுவும் செய்யாதபோது நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும் எச்.ஐ.வி.யை 5க்கும் கீழே இறக்கிவிடலாம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டுப் போர்வண்டிகள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு காகிதம் குறுக்கே வந்துவிட்டது.

விஷயம் இதுதான்: குழந்தைக்குத் தொற்றியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயது வரைகூடத் தங்கும். பெரியவர்களுக்குச் செய்யும் சோதனையைக் குழந்தைக்குச் செய்தால், தொற்றே இல்லாத குழந்தைக்கும் ‘இருக்கிறது’ என்று வரும். வைரஸின் மரபணுவையே தேடவேண்டும். அந்த வசதி தாலுகா மருத்துவமனையில் கிடையாது. ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துத் தொலைதூர ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால், நாமக்கல் சித்திரை வெயிலில் நடக்கிற காரியமா?

இங்கேதான் காகிதம் வருகிறது. குழந்தையின் குதிகாலில் சிறு குத்து. தடித்த வடிதாளில் அச்சிட்ட வட்டங்களுக்குள் சொட்டுச் சொட்டாக ரத்தம். வெயில் படாமல் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட்டு அனுப்பினால் போதும். ஐஸ் வேண்டாம். அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்ற மருத்துவர் 1960களின் தொடக்கத்தில் பிரபலமாக்கிய முறை இது. அவர் மகனுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு. உறவுக் குழந்தை ஒருத்திக்கு ‘பி.கே.யு.’ என்ற பிறவி நோய். அந்த நோயைப் பிறந்த சில நாட்களிலேயே பிடிக்க அவர் கண்ட வழி, அரை நூற்றாண்டு கழித்து 2010இல் இந்திய எச்.ஐ.வி. திட்டத்துக்குள் வந்தது. அதிலிருந்து ரத்தமும் தபால்தான்!

ஆசிரியர் முறைக்கிறார், நாமக்கல்லுக்குத் திரும்புகிறேன்.

இந்தக் காகிதச் சோதனை முதலில் நடப்பது ஆறாவது வாரத்தில். அதே ஒன்றரை மாதத்தில்தான் குழந்தைக்கு முதல் பென்டாவேலன்ட் ஊசியும். ஊசித் தேதி தெரிந்தவர் ஊருக்கு வரும் நர்சம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர். காகிதத் தேதி தெரிந்தவர் நம்பிக்கை மையத்து ஆலோசகர். முன்னவர் பொது சுகாதாரத் துறை, பின்னவர் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். பிரசவ அறை நாமக்கல் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் என்றால், 2022இல் அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானபின் மூன்றாவதாக ஓர் இயக்ககம். மூவரும் பேசிக்கொண்டால் தாய்க்கு ஒரே நாளில் இரண்டு வேலையும் முடியும். பேசாவிட்டால் ஊசி மட்டும் நடக்கும். இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: மருந்து தோற்பதைவிட, கைமாறும் இடத்தில் குழந்தை நழுவுவதுதான் அதிகம் பயப்படவேண்டியது.

நழுவ நமக்கென்றே ஒரு வழி இருக்கிறது: வளைகாப்பு. ராசிபுரத்தில் பதிவுசெய்த மருமகள் ஏழாம் மாதம் வளையல் அடுக்கிக்கொண்டு ஆத்தூருக்கோ கரூருக்கோ தாய்வீடு போகிறாள். மாவட்டம் மாறுகிறது, நர்சம்மா மாறுகிறார், மாத்திரை வாங்கும் மையமும் மாறலாம். ஒன்றரை மாதக் காகிதம் அம்மா வீட்டில். பதினெட்டாம் மாத இறுதிச் சோதனை புருஷன் வீட்டில். கர்ப்பிணிகளைப் பின்தொடர 2008இல் தமிழ்நாடு கொண்டுவந்த பிக்மி பதிவு அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லும். எச்.ஐ.வி. பதிவேடு தனி. இரண்டையும் இணைப்பது பெரும்பாலும் ஆலோசகரின் செல்போன்தான்.

‘எல்லாருக்கும் சொல்லிவிட்டால் வேலை சுலபம்தானே?’ என்று கேட்பவர்களுக்கு: 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், சிகிச்சையில் நேரடியாகப் பங்குள்ள இன்னொரு மருத்துவப் பணியாளருக்கு, சிகிச்சைக்குத் தேவையென்றால் மட்டும் சொல்ல இடம் தருகிறது. மாமியாருக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்கு இல்லை. நாமக்கல்லிலிருந்து போய் 1998இல் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கிய கௌசல்யா போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்த உரிமைகளில் இதுவும் ஒன்று. ஆகவே நர்சம்மாவும் ஆலோசகரும் பேசவேண்டும். வாசலில் நின்று பேசக்கூடாது.

சரி, மனைவி தாய்வீட்டில். கணவன்? ராஜஸ்தானில் போர் போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் மாத்திரை தீரும். போர்வண்டிகள் அடுத்த வாரம், நிச்சயமாக.

(தொடரும்)