காதுச்சோணைப் பதம்

மாவைக் காதுச்சோணையின் பதத்துக்கு வரும்வரை பிசைய வேண்டும் என்பது துருக்கிய சமையல் குறிப்புகளில் அடிக்கடி வரும் தொடர். முதன்முறை எழுத்துக்கூட்டிப் படித்தபோது பொருள்கொள்வதில் நான்தான் பிழை செய்துவிட்டதாக எண்ணினேன். அகராதியைப் புரட்டினேன், பிழை இல்லை. தோடு அணியும் அந்த மென்மையான சதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு கையால் மாவையும் மறுகையால் காதையும் தொட்டுப் பார்த்தபடி, அங்காராவில் ஒரு வாடகை வீட்டின் சமையலறையில் நின்றிருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

பணி நிமித்தமாக இரண்டு ஆண்டுகள் அங்கே வசித்தேன். துருக்கிய உணவு என்றால் கெபாப்பும் பக்லாவாவும்தான் என்ற எண்ணத்தோடு போய் இறங்கியவள் நான். வீடுகளில் அன்றாடம் சமைப்பது வேறு: சிவப்புப் பருப்புச் சூப், ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவிட்டு உண்ணும் காய்கறிகள், வெண்ணெயில் வறுத்த சேமியா கலந்த சோறு, தயிர். கீழ்த்தளத்தில் தனியாக வசித்த எழுபது வயதைக் கடந்த அம்மையாரிடம்தான் இவற்றைக் கற்றேன். அவரை ‘தெய்ஸெ’ என்று அழைப்பேன். தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல் அது. மூத்த பெண்களை யாராக இருந்தாலும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

என் முதல் முயற்சி தோல்வி. ‘யாய்லா’ என்னும் தயிர்ச் சூப்பைப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தேன். திரிந்து, வெண்ணிறத் துகள்களும் நீருமாகப் பிரிந்துவிட்டது. தெய்ஸெ வந்து பார்த்துவிட்டு மறுபடி செய்துகாட்டினார். தயிரோடு முட்டையின் மஞ்சள் கருவையும் கோதுமை மாவையும் முதலில் அடித்துக்கொண்டார். கொதிக்கும் அரிசிக் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்துத் தயிரில் ஊற்றிக் கலக்கினார். பிறகு இன்னொரு கரண்டி. தயிர் வெதுவெதுப்பான பின்னரே பானைக்குள் சேர்த்தார். உப்பு கடைசியில். புளித்த தயிரில் உள்ள புரதங்கள் திடீரெனச் சூடுபட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். மாவிலுள்ள மாப்பொருள் குழம்பைக் கெட்டியாக்கி அவை திரளாமல் காக்கிறது. மோர்க்குழம்பு நுரைத்து வரும்போதே இறக்கிவிட வேண்டும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். அயல்நாட்டுச் சமையல் என்றதும் தெரிந்ததையும் மறந்துவிடுகிறோம் போலும்.

எதைக் கேட்டாலும் தெய்ஸெ சொன்ன விடை ‘கோஸ் கராரி’. கண்ணின் தீர்மானம் என்று பொருள். நாம் கண்ணளவு என்பதைத்தான் அவர்கள் இவ்வாறு சொல்கிறார்கள். இதில் வரும் ‘கரார்’ அரபுமொழிச் சொல். நம்முடைய ‘கறார்’ என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நம் வழக்கில் அது விட்டுக்கொடுக்காத கண்டிப்பைக் குறிக்க, துருக்கியச் சமையலறையிலோ எந்தக் கண்டிப்புக்கும் கட்டுப்படாத ஒன்றுக்குப் பெயராக நிற்கிறது!

இந்தக் கண்ணின் தீர்மானத்தை எழுத்தில் பிடித்துவிட முடியும் என்று நான் நம்பினேன். மின்னணுத் தராசு ஒன்றை வாங்கினேன். தெய்ஸெயின் சொந்த ஊர் கைசெரி. இறைச்சி வைத்த சின்னஞ்சிறு கொழுக்கட்டை போன்ற ‘மன்டி’க்குப் பெயர்பெற்ற நகரம் அது, ஒரு கரண்டியில் நாற்பது மன்டி அடங்க வேண்டும் என்பது அவ்வூர்ப் பேச்சு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் மாவு பிசைய, நான் பாத்திரத்தை நிறுத்துக் குறித்துக்கொண்டேன். முதல் வாரம் 410 கிராம் மாவு. அடுத்த வாரம் 445. மூன்றாம் வாரம் 430. மூன்று முறையும் இரண்டு முட்டைகள், ஒரே கிண்ணத்துத் தண்ணீர். முட்டையின் அளவு வேறுபட்டது. மாவுப் பை மாறியது. ஒரு நாள் மழை. ஆனால் மூன்று நாளும் மாவின் பதம் மட்டும் மாறவே இல்லை. நான் 410 என்று எழுதி அனுப்பியிருந்தால் அது ஒருநாள் உண்மையாக மட்டுமே இருந்திருக்கும்.

‘பாரம்பரியம்’ என்ற சொல்லை இங்கே கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. துருக்கிய அடுக்களையின் உயிர்நாடி எனத்தக்க தக்காளி விழுதும் மிளகாய்த்தூளும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகளின் கொடை. சிவந்த தக்காளி அங்கே பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். ஒட்டோமான் துருக்கியில் அச்சான முதல் சமையல் நூலாகக் கருதப்படும் மெஹ்மெத் கியாமிலின் நூல் 1844இல் வெளிவந்தது. அக்கால எடைகள் திர்ஹெமும் ஒக்காவும். 400 திர்ஹெம் ஓர் ஒக்கா, அது ஏறக்குறைய 1.28 கிலோ. 1931இல்தான் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. அதற்குமுன் 1928இல் அரபு எழுத்துகள் கைவிடப்பட்டு லத்தீன் எழுத்துகள் வந்துவிட்டன. அதாவது, பாட்டியின் கையெழுத்தைப் பேத்தியால் படிக்க இயலாத நிலை ஒரு தலைமுறைக்குள் உருவானது.

தெய்ஸெயின் அலமாரியில் அப்படி ஒரு குறிப்பேடு இருந்தது. அவருடைய மாமியார் பழைய எழுத்தில் எழுதி வைத்தது. நாற்பது ஆண்டுகளாக அதைத் துணியில் சுற்றிப் பாதுகாத்தாரே தவிர, ஒரு வரிகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒட்டோமான் எழுத்து பயின்ற வரலாற்று மாணவி ஒருத்தியை அழைத்து வந்தேன். அவள் வாசிக்க வாசிக்க, தெய்ஸெ கைகளை மடியில் கோத்துக்கொண்டு கேட்டார். மாவு, போதுமான அளவு. வெண்ணெய், போதுமான அளவு. உப்பு, போதுமான அளவு. ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் அப்படித்தான். தெய்ஸெ வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கைப்பக்குவத்தைப் போற்றிப் பேசுவது எளிது. அது ஒருவரின் கையோடு கட்டுண்டு கிடக்கிறது என்பதை அந்தப் போற்றுதலில் மறந்துவிடுகிறோம். விழாக்காலக் கோதுமை உணவான ‘கெஷ்கெக்’ 2011இலும், துருக்கியக் காப்பி 2013இலும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றன, மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு மூன்றாம்மாடி வீட்டுச் சமையலறையில் மன்டி மாவு எந்தப் பதத்தில் இருந்தது என்பதை எந்தப் பட்டியலும் காப்பாற்றாது. அருகில் நின்று பார்க்க வாய்த்தவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். வாய்க்காதவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்தவர்கள். 1961இல் மேற்கு ஜெர்மனியுடன் ஏற்பட்ட தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பின் அங்கே சென்ற துருக்கியர் பல்லாயிரவர். தெய்ஸெயின் மகளும் திருமணமாகிச் சென்று குடியேறியது ஜெர்மனியில்தான். தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் செய்த மன்டி அவளுக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. மாவு பிசைய வருகிறது, தேய்த்தால் ரப்பர் போலச் சுருங்கிவிடுகிறது என்பாள். அங்குள்ள கோதுமை சரியில்லை என்று தாயும் மகளும் முடிவுகட்டியிருந்தார்கள்.

குளிர்காலத்தின் முடிவில் தெய்ஸெயின் கைகள் நடுங்கத் தொடங்கின. மகளுக்கு அனுப்புவதற்காக என்னை எழுதித் தரச் சொன்னார். எண்ணையும் எழுதினேன், பதத்தையும் எழுதினேன்: மாவு 400 முதல் 450 கிராம்; 400இல் தொடங்கி, காதுச்சோணைப் பதம் வரும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்கவும். இரண்டில் ஒன்று போதாது என்பதே அந்த மூன்று ஞாயிறுகளிலும் நான் கண்டது.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எண்களுக்குத் தலையசைத்தவர், “மூடி வைப்பதை எழுதவில்லையே, மகளே” என்றார். பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் விட வேண்டும். அப்போதுதான் அதன் இறுக்கம் தளர்ந்து, தேய்க்கும்போது சுருங்காது. மூன்று ஞாயிறுகளிலும் அவர் அப்படித்தான் செய்திருக்கிறார். அந்த நேரத்தில் நாங்கள் கூடத்தில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்ததால், அதை ஒரு வேலையாகவே நான் குறித்துக்கொள்ளவில்லை. மகளிடமும் அவர் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை.